செக்காலைப் பக்கத்து பைண்டிங் கடை: ஒரு பழைய டைப்பிஸ்ட் போடும் மதிப்பெண்

காரைக்குடியில் ஆய்வேடு பைண்டிங் செய்ய எந்தக் கடை நல்ல கடை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, என்றைக்கு வேண்டும் என்பதுதான். நாளைக்கே வேண்டுமென்றால் கல்லூரிச் சாலையில் ஜெராக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காலையில் கொடுத்தால் சாயங்காலம் கைக்கு வந்துவிடும். பத்து நாள் பொறுக்க முடியுமென்றால் செக்காலைப் பக்கம் ஒரு சந்துக்குள், பழைய வீட்டின் முன்கட்டில் இருக்கும் பைண்டிங் கடைக்குப் போங்கள். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்து அழிந்து வருஷக்கணக்காகிறது. பைண்டிங் அண்ணன் கடை என்று கேட்டால் சந்து முனையில் பூக்கட்டும் அம்மாவே கை காட்டிவிடுவார்.

அண்மையில் அங்கே இரண்டு வேலை கொடுத்தேன். ஒன்று, என் தங்கை மகளின் பிஎச்.டி. ஆய்வேடு, ஐந்து பிரதி. இன்னொன்று, என் அப்பா எழுதிய பழைய பேரேடு, அதாவது கணக்குப் புத்தகம். இரண்டும் எப்படி வந்தன என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நடுநடுவே பழைய கதையும் வரும். அழகப்பா பல்கலைக்கழகம் தொடங்கிய சில வருஷத்துக்குள் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, ஆய்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் கதை வராமல் இருக்காது.

முதலில் ஆய்வேடு. 260 பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே. அண்ணன் தாள் கட்டைக் கையில் வாங்கியதும் தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கேலை எடுத்து இடது ஓரத்தில் வைத்தார். ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தனித்தனித் தாளை மடித்துத் தைக்க வழியில்லை. ஓரத்தில் துளை போட்டுக் குத்துத் தையல்தான். தையலுக்கே அரை அங்குலம் போய்விடும். ஓரம் குறைந்தால் வரியின் முதல் எழுத்துகள் முதுகுக்குள் மாட்டிக்கொள்ளும், படிப்பவர் புத்தகத்தை விரித்துப் பிடித்து நசுக்க வேண்டும், நாலு தடவை நசுக்கினால் முதுகு விட்டுவிடும். எங்கள் பிள்ளை ஓரம் சரியாகத்தான் விட்டிருந்தாள். ஆனால் பெரிய அட்டவணைகளைத் தாளைப் படுக்கப்போட்டு அச்சடித்திருந்தாள் இல்லையா, அந்த ஏழெட்டுப் பக்கத்தில் ஓரம் எதிர்ப்பக்கத்தில் விழுந்திருந்தது.

"இந்தத் தாளை மட்டும் மாத்தி எடுத்துட்டு வா தாயி, அப்புறம் தைக்கிறேன்" என்று கட்டையே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. "பெரியம்மா, மத்த கடையில இதெல்லாம் பாக்கவே மாட்டாங்க" என்றாள். பார்க்க மாட்டார்கள்தான். அவளுடைய தோழி ஒருத்தி சாலையோரக் கடை ஒன்றில் சூடான பசை மட்டும் ஊற்றி ஒட்டி வாங்கிய பிரதியை நானே பார்த்தேன். வாய்மொழித் தேர்வு நடக்கும் முன்பே நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கடையின் பெயர் வேண்டாம், அந்த விலைக்கு அவ்வளவுதான் செய்ய முடியும்.

அண்ணன் கையில் வந்த ஐந்து பிரதியும் மேசையில் வைத்தால் நிமிர்ந்து நிற்கின்றன. மூலைகள் நாலும் ஒரே அளவு மடிப்பு. உள்பக்கம் ஒட்டிய தாளில் ஒரு குமிழ்கூட இல்லை. முதுகில் பெயரும் வருஷமும் தங்க எழுத்தில் நேர்கோட்டில். பிரதிக்கு 280 ரூபாய் வாங்கினார். சாலைக் கடைகளைவிட அதிகம்தான். கொடுக்கலாம்.

அந்தத் தங்க எழுத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உள்ளறையில் ஒரு மரப்பெட்டி நிறையப் பித்தளை எழுத்துகள் வைத்திருக்கிறார். வேண்டிய எழுத்தைக் கோத்து, சூடேற்றி, தங்க நிறத் தாளின் மேல் அழுத்தினால் அட்டையில் பதியும். அடிக்கடி வரும் வரிகளை ஒவ்வொரு தடவையும் கோக்க முடியாது என்பதால் அவருடைய அப்பா காலத்திலேயே முழு வரியாகச் சில அச்சுகள் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் மூன்றை எடுத்து ஆத்தங்குடிக் கல் தரையில் வரிசையாக வைத்துக் காட்டினார். முதலாவது 'மதுரைப் பல்கலைக்கழகம்'. இரண்டாவது 'மதுரை காமராசர் பல்கலைக்கழகம்'. மூன்றாவது 'அழகப்பா பல்கலைக்கழகம்'.

இந்த ஊர்க் கல்லூரிகளின் கதை மொத்தமும் அந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக் கல்லூரியைத் தொடங்கியபோது எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, நாங்கள் மதுரைக்குப் போனோம். 1978இல் அதற்குக் காமராசர் பெயரைச் சேர்த்தார்கள். 1985இல் எங்கள் பல்கலைக்கழகமே பிறந்தது. முதல் அச்சில் 'லை' பழைய லை, முன்னால் துதிக்கை தூக்கி நிற்கும் எழுத்து. இரண்டாவதில் புது லை. எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அதே 1978தான். பெயரும் எழுத்தும் ஒரே வருஷத்தில் மாறியதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே செலவாகப் போயிற்று என்று அவருடைய அப்பா சந்தோஷப்பட்டாராம். சிக்கனம் இந்த மண்ணோடு ஒட்டியது.

நான் சேர்ந்தபோது ஆய்வேடு என்றால் டைப்ரைட்டர்தான். ஊரில் இருந்த தட்டச்சுப் பள்ளிகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாணவர்கள் வெளியேறியதும் ஆய்வேடு அடிக்கும் சத்தம் ஆரம்பிக்கும். ஒரு மூலமும் நாலு கார்பனும். நாலாவது கார்பனில் எழுத்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வார்த்தை தப்பினால் ஐந்து தாளிலும் அழித்துத் திருத்த வேண்டும். அப்படி அடித்த கட்டைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டு இந்தக் கடைக்கு வருவார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் அப்போது கட்டடங்கள் குறைவு. செம்மண்ணும் சரளையும், இடையிடையே வேப்பமரம், அதற்கப்பால் சீமைக்கருவேல். மத்தியானம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கோப்பு எடுத்துப் போனால் புடவை விளிம்பெல்லாம் சிவப்பாகிவிடும். இன்றைக்கு அதே வழியில் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் கட்டடம், கோப்பு கணினியிலேயே போகிறது. புடவை சுத்தமாக இருக்கும், போய்க் கொடுக்கத்தான் கோப்பு இல்லை.

பைண்டிங் செய்து வந்த ஆய்வேடுகளை வெளியூர்த் தேர்வாளர்களுக்கு அனுப்புவது பிற்பாடு என் வேலையாக இருந்தது. காடாத் துணியில் வைத்துத் தைத்து, தையல் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை வைத்து, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அரக்கு விரலில் பட்டால் கொப்புளம்தான். முத்திரை சரியாக விழாத பார்சலைத் தபால் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள். பார்சல் எங்கெங்கோ இடிபட்டுப் போய்ச் சேரும். அதைத் தாங்கும் பைண்டிங் எது, தாங்காதது எது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இந்தக் கடைப் பிரதிகள் மூலை மடங்காமல் திரும்பி வரும்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆய்வேட்டின் மின்வடிவத்தையும் கொடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற ஆரம்பித்தன. எங்கிருந்தும் யாரும் படிக்கலாம். அது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை; நூலகத்தில் தூசி படிந்து கிடந்ததைவிட இப்போது படிக்கப்படுகிறது. ஆனால் தேர்வாளருக்கு அச்சுப் பிரதி போவது குறைந்தது, நூலகத்துக்கு வரும் ஆய்விதழ்கள் கணினிக்குப் போயின, வருஷா வருஷம் பன்னிரண்டு இதழைச் சேர்த்து ஒரே தொகுதியாகக் கட்டும் வேலையும் போயிற்று. 2018 விதிகளுக்குப் பிறகு பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் இருக்கிறது என்ற சான்றையும் உள்ளே சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள். "முன்னாடி அட்டையைப் பாத்து நம்புனாங்க, இப்ப சர்டிபிகேட்டைப் பாத்து நம்புறாங்க" என்பார் அண்ணன்.

கடைக்குப் பெரிய அடி, பிஎச்.டி.க்கு முந்தைய சின்ன ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். போனதுதான். பிஎச்.டி. வருஷத்துக்கு எத்தனை வந்துவிடப் போகிறது? எம்.ஃபில். அப்படி இல்லை. வருஷா வருஷம் ஒரு சீசன் வரும். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், அம்மா அப்பாவோடு வந்து இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் பிள்ளையின் பெயர் தங்க எழுத்தில் விழுவதை அந்த அம்மாக்கள் எட்டிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். புதிய கல்விக் கொள்கை 2020இல் எம்.ஃபில்லை நிறுத்தச் சொன்னது, 2022 விதிகளில் மானியக் குழு நிறுத்தியேவிட்டது. அந்தச் சீசன் இப்போது இல்லை. கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பெண் போடும் நாக் குழு வரும் சமயங்களில் மட்டும் பழைய கூட்டத்தில் பாதி திரும்பும். 2017இல் பல்கலைக்கழகத்துக்கு 3.64 புள்ளியோடு ஏ பிளஸ் கிடைத்தபோது எல்லோரும் கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பாராட்டினார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் துறைவாரியாக அறிக்கைகளும் பதிவேடுகளும் இந்தக் கடையில் இடுப்பளவு அடுக்கிக் கிடந்ததும், அண்ணனும் அவர் மகனும் விடிய விடிய ஒட்டியதும் எனக்குத் தெரியும்.

சரி, இரண்டாவது வேலைக்கு வருகிறேன். இதற்காகவே இந்தக் கடைக்கு முழு மார்க் கொடுக்கலாம்.

என் அப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டார் பங்கு பிரித்துக்கொண்டு போனபோது வேண்டாம் என்று ஒதுக்கியவற்றில் ஒரு பேரேட்டை அப்பா கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ஜய வருஷத்துப் பேரேடு, அதாவது 1954. நீளவாக்கில், சிவப்புத் துணி அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, 'சிவமயம்', அப்புறம் பற்றும் வரவும் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில். எண்ணெல்லாம் தமிழ் எண். ரூபாய்க்குப் பக்கத்தில் அந்தக் காலச் சில்லறையான அணா, பை. நயா பைசா வருவதற்கு மூன்று வருஷம் முந்தியது. முதுகு முழுக்க இற்றுப்போய், தாள் கற்றை கற்றையாகக் கழன்று, பூச்சியும் கொஞ்சம் தின்றிருந்தது.

அண்ணனிடம் கொடுத்ததும் அவர் முகம் மாறியது. அவருடைய தாத்தாவுக்குப் பேரேடு கட்டுவதுதான் தொழிலாம். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டியார்கள் இங்கிருந்தே பேரேடுகளைக் கட்டி எடுத்துப் போவார்களாம். முதுகைத் தடவிப் பார்த்து, "இது எங்க தாத்தா தையல்னு சொல்ல மாட்டேன் டைப்பிஸ்ட்டம்மா, ஆனா இந்த ஊர்த் தையல்தான்" என்றார். நான் கண்காணிப்பாளராகி ஓய்வும் பெற்றாயிற்று, அவருக்கு இன்னும் டைப்பிஸ்ட்டம்மாதான்.

வேலையை அவர் என் எதிரிலேயே ஆரம்பித்தார். ஈரத் துணியை முதுகில் போட்டுப் பழைய பசையை ஊறவிட்டார். ஊறியதும் எலும்புக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்தார். கத்தி முனை ஒரு தடவைகூடத் தாளைத் தொடவில்லை. பழைய நூலை ஒவ்வொரு கண்ணியாக வெட்டி, பாரம் பாரமாக, அதாவது சேர்த்து மடித்த தாள்களைக் கற்றை கற்றையாகப் பிரித்து, வரிசை தவறாமல் பென்சிலால் மூலையில் ஒரு புள்ளி. பேனாவால் போடவே மாட்டார். மடிப்பு கிழிந்த இடத்தில் மெல்லிய தாளைக் கிழித்து ஒட்டினார். கத்தரியால் வெட்டினால் ஒட்டின ஓரம் தடித்துத் தெரியும், கையால் கிழித்தால் இழையோடு இழை சேர்ந்துவிடும் என்றார். பசை அவரே காய்ச்சுவது. மைதா மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. அந்தப் பசை ஆறும்போது கடை முழுக்க ஒரு புளித்த வாசனை. எனக்குப் பிடிக்கும். எங்கள் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

தைக்கும்போது நூலை மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டார். முதுகுக்குக் குறுக்கே மூன்று நாடா வைத்து, ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் ஊசியை விட்டு நாடாவைச் சுற்றி வாங்கினார். தைத்ததை ஓரம் வெட்டும் இயந்திரத்தில் வைக்க மறுத்துவிட்டார். வெட்டினால் விளிம்பு பளிச்சென்று வந்திருக்கும். ஆனால் அப்பா விளிம்பு வரை எண் எழுதியிருக்கிறார், நாலு இடத்தில் பை கணக்கு தாளோடு போய்விடும். "செட்டியார் கணக்குல பையா குறையலாமா" என்று சிரித்தார். திருகுப் பலகைக்குள் வைத்து இறுக்கி இரண்டு ராத்திரி அப்படியே விட்டார். அட்டைக்கு ரெக்சின் வேண்டாம் என்று சிவப்புக் கலிக்கோத் துணி போட்டார், முன்பிருந்த நிறத்துக்குப் பக்கத்தில் வரும் நிறம். பழைய அட்டையில் மிச்சமிருந்த துணித் துண்டை எறியாமல் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தட்டையாகப் படிந்து நிற்கிறது. கை வைத்து அழுத்த வேண்டியதில்லை. 900 ரூபாய் கேட்டார். அதற்கு மேல் கொடுத்தால் வாங்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் வேலை முடிவது அபூர்வம். பத்து நாள் என்றால் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்டால் "ஆகிக்கிட்டே இருக்கு" என்பார், அதற்கு அர்த்தம் இன்னும் எடுக்கவே இல்லை என்பது. பழைய வேலை என்றால் அவருக்கு உற்சாகம், புதிய ஆய்வேட்டுக் கட்டு என்றால் மகன் தலையில் போட்டுவிடுவார். மகன் கெட்டிக்காரன், ஆனால் பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பளபளப்பாக்கும் ஆசை அதிகம். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பைரல் பைண்டிங்கை இங்கே கொடுக்காதீர்கள். அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது, அந்த வெறுப்பு வேலையிலும் தெரிகிறது, கம்பி கோணிக்கொண்டு வரும். தங்க எழுத்துக்கு எழுதிக் கொடுப்பதைப் பெரிய எழுத்தில், தெளிவாக, தாளில் கொடுங்கள். போனில் அனுப்பினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடுமாறுகிறார். பதிப்பதற்கு முன் கோத்த எழுத்தை உங்களிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித்தான் தெரியும், பரவாயில்லை, ஒற்றுப் பிழை இருந்தால் அப்போதே கண்ணில் படும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. ஓரம் இடது பக்கம் ஒன்றரை அங்குலம். படுக்கப்போட்ட அட்டவணை என்றால் அதன் தலைப்பு வரும் பக்கம் அதே ஒன்றரை. தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்தால் பின்பக்கத்தில் ஓரம் வலது பக்கம் வர வேண்டும். இதைக் கணினியிலேயே சரிசெய்துகொண்டு போனால் திரும்பி வர வேண்டியிருக்காது. கடைசித் தேதியை அண்ணனிடம் சொல்லும்போது ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். அவருக்கும் அது தெரியும், இருந்தாலும் சொல்லுங்கள்.

கடை காலை பத்துக்கு மேல்தான் திறக்கும். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை சாத்தியிருக்கும். ஞாயிறு பாதி நாள். கார் சந்துக்குள் வராது, முனையிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். போன வருஷத்திலிருந்து ஜிபே அட்டை ஒன்று சுவரில் தொங்குகிறது, ஆனால் அந்தப் போன் மகனிடம் இருக்கும். மகன் இல்லாத நேரத்தில் போனால் சில்லறையோடு போங்கள்.